தீக்குப் பயந்து புதைத்த தொட்டி

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் எரிந்தன. போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். கூட்டம் தீ வைத்த இடங்களில் நகராட்சியின் சீமெண்ணெய்க் கிடங்கும் ஒன்று. தெருவிளக்குகள் சீமெண்ணெயில் எரிந்த காலம் அது.

எண்ணெய் என்றால் தீ. எண்ணெய் விஷயத்தில் அன்றைய அரசுக்கு இருந்த முக்கிய அச்சம் இதுதான். 1899-இன் பெட்ரோலியச் சட்டமும் அதற்குப் பின் வந்த 1934-இன் சட்டமும் இந்த அச்சத்தில் பிறந்தவை. இன்றும் பெட்ரோல் பல்க்குக்கு உரிமம் தருவது பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான். டின்னில் விற்ற பெட்ரோலை மண்ணுக்கடியில் இரும்புத் தொட்டியில் வைக்கத் தொடங்கியதற்கும் தீப்பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். நல்ல யோசனைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு துருப்பிடித்தால் யார் பார்ப்பது?

அமெரிக்கா இந்தக் கேள்விக்கு விழித்தது 1984-இல். அந்த ஆண்டு நிலத்தடித் தொட்டிகளுக்கென்றே சட்டம் செய்தார்கள். பிறகு தோண்டித் தோண்டிப் பார்த்ததில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் பதிவாயின.

தமிழ்நாட்டுக்குப் பாடம் வந்தது தொட்டி வழியாக அல்ல, குழாய் வழியாக. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் ஏறி வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. குழாயை மாற்றிவிடலாம், மண்ணில் இறங்கிய எண்ணெயை என்ன செய்வது?

ஒரு பல்க்கை மூடித் தொட்டியைத் தூக்கிய பின் செய்ய வேண்டிய வேலை அப்படியொன்றும் மர்மமானது அல்ல. குழியின் அடியிலும் பக்கங்களிலும், குழாய் ஓடிய தடத்திலும் மண் எடுக்க வேண்டும். கறுத்த மண், வாடை அடிக்கும் மண் என்றால் இன்னும் ஆழம் போக வேண்டும். பிறகு சுற்றிலும் குறைந்தது மூன்று சோதனைக் கிணறுகள், ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பெட்ரோல் நீரைவிட லேசானது, மேலே மிதக்கும். அதிலுள்ள பென்சீனோ நீரில் கரைந்து பயணம் போகும். புற்றுநோய் தரும் இந்தப் பொருளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வாடை தெரியவில்லை என்பதற்காக அந்தத் தண்ணீரை நம்பிக் குடித்துவிட முடியாது.

திருநெல்வேலி இருக்கும் தாமிரபரணிக் கரையில் இது கூடுதல் கவலை. ஆற்றை ஒட்டி மணலும் வண்டலும்; நீர் கைக்கெட்டும் ஆழத்தில். சற்றுத் தள்ளினால் கடும்பாறை. பாறை வெடிப்புக்குள் போன எண்ணெய் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்வது கடினம். மாநகராட்சிக்குக் குடிநீர் வருவதும் ஆற்றுப்படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான். ஆற்றில் கலக்கும் சாக்கடைக்காக இங்கே பலமுறை குரல் எழுந்திருக்கிறது, நியாயமாகவே. மண்ணுக்குள் கிடக்கும் பழைய தொட்டிக்காக யாரும் குரல் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில்தான் பல்க்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. புதிய பல்க் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. கசிவு பற்றியும் பேசியது. 2025 ஜூலையில் வந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள், சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும் என்கின்றன. திருநெல்வேலி மாநகராட்சி அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது, மூடிப்போன பல்க்குகள் நின்ற மனைகளையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த மனைகளில் வீடு கட்டப்போகிறவர்களும் பத்திரம் பதியும் முன்பே மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.