உருளைக்கிழங்கு வயலில் முளைத்த சொல்

ஈனோதீரா லாமார்க்கியானா. 'சடுதி மாற்றம்' பாடத்துக்காக, பரீட்சைக்கு முதல்நாள் இரவு உருப்போட்ட பெயர். செடி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை.

முதல் வருஷம் இலைகளை வட்டமாக விரித்துத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். மறுவருஷம்தான் தண்டு எழும்பி மஞ்சளாகப் பூக்கும். இதழ் நான்கு. பொழுது சாய்ந்ததும் மொட்டு முறுக்கவிழ்ந்து நம் கண்ணெதிரே மலர்ந்துவிடும், மறுநாளே வாடல். தேன் இருப்பது நீண்ட குழலின் அடியில். நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிக்குத்தான் அது எட்டும். மகரந்தமோ பொடியாக உதிராமல், நூலாம்படை போல இழையிழையாகத் தொங்கும். நம் அந்திமந்தாரையோடு இதற்கு நேரம் மட்டும்தான் ஒற்றுமை. சொந்தம் என்று பார்த்தால், வயலோரத்து ஈரத்தில் நிற்கும் நீர்க்கிராம்புதான்.

ஈனோதீராக்களின் தாய்வீடு அமெரிக்கா. ஐரோப்பாவுக்குத் தோட்டச் செடிகளாக வந்தவை வேலி தாண்டின. புல் அடர்ந்த இடத்தில் இவற்றின் நாற்று பிழைக்காது. மணல்மேடு, ரயில் பாதையோரம், உழுது கைவிட்ட நிலம் என்று மண் புரண்டு கிடக்கும் இடமாகப் பார்த்து வேர்விடும்.

அப்படியொரு நிலம்தான் ஆம்ஸ்டர்டாம் அருகே ஹில்வெர்சமில் இருந்த, பயிர் நின்றுபோன உருளைக்கிழங்கு வயல். பக்கத்துப் பூங்காவிலிருந்து செடி அங்கே பரவியிருந்தது. 1886-ல் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் அந்தக் கூட்டத்துக்குள் மாறுபட்ட இரண்டு வடிவங்களைக் கண்டார். விதையும் செடியும் எடுத்துப்போய் ஆண்டாண்டாக வளர்த்தார். ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே ஒரு குட்டை, ஒரு சிவப்பு நரம்பு, 1895-ல் 'ஜைகாஸ்' என்ற தடியன். அவற்றின் பிள்ளைகளில் பலவும் அதே சாயலில் பிறந்தன. புதிய இனம் சிறுகச் சிறுக அல்ல, ஒரே தாவலில் பிறக்கிறது என்று 1901-ல் நூலே எழுதிவிட்டார். 'மியூட்டேஷன்' (நம் 'சடுதி மாற்றம்') என்ற சொல் மரபியலுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

செடி அவரை ஏமாற்றியிருந்தது. அது ஒரு கலப்பு. இனச்செல் உருவாகும்போது அதன் 14 குரோமோசோம்களில் 12, கைகோத்து நிற்பதுபோல ஒரே வளையமாக நிற்கும். அதனால் இரண்டு பரம்பரைகள் கலையாமல் தலைமுறைதோறும் சேர்ந்தே இறங்கும். எப்போதாவது அந்தக் கட்டு தளர்ந்தால், உள்ளே ஒளிந்திருந்த குணம் புதுப்பிறவி போல வெளியே வரும். தடியன் கதை வேறு: அதற்குக் குரோமோசோமே இருமடங்கு, 28.

கோட்பாடு சாய்ந்தது, சொல் நின்றது. அதன் லத்தீன் மூலத்துக்கு வெறுமனே 'மாற்றம்' என்றுதான் பொருள். 'சடுதி' தமிழில் சேர்ந்தது; ஹில்வெர்சம் செடிகள் டி விரீஸுக்குக் காட்டிய அதே அவசரம்.