சத்திரம்: கட்டடத்தின் பெயரா, செயலின் பெயரா?

பெங்களூரு மெஜஸ்டிக்கை ஒட்டிச் செல்லும் 'சுபேதார் சத்திரம் சாலை' இன்று பலர் வாயில் 'எஸ்.சி. ரோடு'. வழிப்போக்கருக்குச் சோறும் நிழலும் தந்த ஓர் அறநிலையம், ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. இச்சுருக்கமே இப்பதிவுக்குத் தூண்டுதல்.

வடமொழியில் 'சத்ர' என்பது முதலில் பல நாள் நீளும் கூட்டு வேள்வி. பின்னர் அது இடையறாத அன்னதானத்தையும், இறுதியாக அத்தானம் நிகழும் இடத்தையும் சுட்டியது. அதாவது, செயலின் பெயரே கட்டடத்துக்கு ஆகிவந்தது.

ஊர்ப்புறச் சத்திரத்தின் அமைப்பும் அச்செயலைச் சார்ந்ததே. தெருவை நோக்கிய திண்ணை, தூண்கள் தாங்கும் தாழ்வாரம், நடுவே முற்றம், பின்புறம் சமையற்கட்டு, அருகே கிணறோ குளமோ. திண்ணை எவரையும் கேளாமல் படுக்க இடம் தந்தது. உள்ளே செல்லச் செல்லச் சாதி வரையறை இறுகியது. இதை மறைத்துச் சத்திரங்களைப் போற்றுவது வரலாறு ஆகாது.

இக்கட்டடத்தை இயக்கியது நிலவருவாய். சோழர் கல்வெட்டுகளில் உணவுச்சாலைக்கு விடப்பட்ட நிலத்துக்குச் 'சாலாபோகம்' என்றே தனிப்பெயர் உண்டு. 1799 உடன்படிக்கையால் தஞ்சை ஆட்சி கும்பினியிடம் சென்றபின், 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில் சத்திரங்களின் பணிகளை விரித்துரைத்தார். எல்லாச் சாதியாருக்கும் உணவு, சமைத்ததை ஏலாதவர்க்கு அரிசி, நோயாளிக்கு மருத்துவம், கருவுற்ற பெண்டிர்க்குப் பராமரிப்பு, ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வி. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதோரை அழைத்தல். நாட்டை இழந்த மன்னர் காக்க முயன்றது சுவர்களை அன்று. இப்பணிகளையும் அவற்றுக்கான கிராம வருவாயையும். மறு ஆண்டே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது.

இன்று தமிழில் 'கல்யாணச் சத்திரம்' வாடகை மண்டபம். கன்னடத்து 'சத்ர'மும் அவ்வாறே. இலவசமாக உண்பித்த சொல், விலை கொடுத்து விருந்திடும் இடத்துக்குப் பெயராயிற்று.

சத்திரங்களை ஆவணப்படுத்தும் நாம் தூண்களை அளக்கிறோம், நிழற்படம் எடுக்கிறோம். அவ்வடுப்பை எரியவிட்ட வயல் எது, அது எப்போது, யாரிடம் போயிற்று என்பதையும் பதிவு செய்யவேண்டும். அக்கேள்வி விடுபட்டால், நம் ஆய்வேட்டில் எஞ்சுவதும் வெறும் மண்டபமே.