ஊவா நாட்டு நீரும் மீனும்

மொனராகலை மாவட்டத்தின் கிராமச் சந்தைகளிலே குளத்து மீன் விற்கும் இடத்தில் முதலிற் கண்ணிற் படுவது திலாப்பியா. 'ஜப்பான் மீன்' என்றும் மக்கள் இதனை அழைப்பதுண்டு. ஏழை வீட்டு அடுப்பிலே வேகும் இம்மீன் தொன்றுதொட்டே இந்நாட்டுக் குளங்களில் வாழ்ந்து வந்தது போலத் தோன்றும். ஆயினும் இது 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த விருந்தாளி. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1882ஆம் ஆண்டிலே, மலையுச்சிகளுக்கு வேறொரு விருந்தாளி வந்தது. அதுவே டிரவுட் என்னும் ஆங்கில நாட்டு மீன். ஒன்று பசிக்காக வந்தது. மற்றையது பொழுதுபோக்குக்காக வந்தது. இவ்விரண்டுக்கும் முன்னரே ஊவாவின் நீரில் வாழ்ந்திருந்த சொந்த மீன்களும் பல. இம்மூவகை மீன்களின் கதையை ஆராய்வோமாயின், ஆற்று நீர் எவருக்கு உரியதாயிருந்தது, எவர் எதற்காக மீன் பிடித்தனர், பிடித்ததை எவ்வாறு சமைத்தனர் என்பதெல்லாம் புலனாகும்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. அதன் மேற்பகுதி பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய தேயிலை மலைகள். கீழ்ப்பகுதி மொனராகலை, வெல்லவாய, பிபிலை, சியம்பலாண்டுவ முதலிய வறண்ட தாழ்நிலங்கள். 1959ஆம் ஆண்டிலே பதுளை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு மொனராகலை தனி மாவட்டமாயிற்று. நிலத்தை மனிதர் இவ்வாறு பிரித்தாலும் நீர் பிரியவில்லை. இராவணன் எல்லை அருவியாய் வீழும் கிரிந்தி ஓயா மலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கித் தென்கடலை நாடுகிறது. மாணிக்க கங்கை கதிர்காமத்தைத் தழுவிச் செல்கிறது. கும்புக்கன் ஓயா கீழ்க்கடலை நோக்கி ஓடுகிறது. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியிற் பிறக்கும் பெலிஹுல் ஓயா, வளவை கங்கையோடு கலந்து, மொனராகலை மாவட்டத்தின் எல்லையிலுள்ள உடவளவை நீர்த்தேக்கத்தை அடைகிறது. அந்நீரின் தலையிலே டிரவுட் விடப்பட்டது. அதன் அடியிலே திலாப்பியா வளர்கிறது.

முதலிற் சொந்த மீன்களை நோக்குவோம். விரால், கெளுத்தி, சுங்கான், ஆரல், விலாங்கு, பனையேறி, பல்வகைக் கெண்டைகள் ஆகியன இந்நீர்நிலைகளுக்கு உரியவை. பெரிய ஆறுகளின் ஆழ்ந்த கசங்களிலே, சிங்களத்தில் 'லெஹெல்லா' எனப்படும் பெருங்கெண்டையும் உண்டு. இந்தியாவிலே மஹசீர் என்று தூண்டில்காரர் போற்றும் மீனினம் அது. விராலும் சுங்கானும் பனையேறியும் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆதலின், கோடையிலே குளம் வற்றிச் சேறாகும்போதும் அவை பிழைத்திருக்கும். விலாங்கோ கடலிற் பிறந்து, ஆற்று வழியே ஏறிவந்து, நன்னீரில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் மீண்டும் கடலுக்கே திரும்பும். மலைநாட்டின் நீரோடு கடலுக்குள்ள உறவை அது ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றது.

இம்மீன்களை அக்காலத்து மக்கள் பிடித்த முறையை நமக்கு விளக்கியவர் ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டிலே பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த அவர், 1679ஆம் ஆண்டிலே தப்பிச் சென்று, 1681ஆம் ஆண்டிலே தம் நூலை வெளியிட்டார். அடிவாய் அகன்று மேல்வாய் குறுகிய கூடையொன்றைக் கிராமத்தவர் சேற்றிலே குத்திக் குத்திச் செல்வர் என்றும், உள்ளே அகப்பட்ட மீன் பக்கங்களில் மோதித் துடிப்பதை உணர்ந்து, மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பர் என்றும் அவர் எழுதுகிறார். நம்மவர் கரப்பு என்று கூறும் கருவியே அது. அரசனின் மகிழ்ச்சிக்கென்றே சில நீர்நிலைகளில் மீன்கள் உணவிட்டு வளர்க்கப்பட்டன என்ற செய்தியும் அந்நூலில் உண்டு. மீனை உணவாகக் கொள்ளாது வேடிக்கையாகக் காணும் வழக்கம் வெள்ளைத் துரைமாரோடு தொடங்கியதன்று என்பதற்கு இது சான்று.

பிபிலைக்கும் நில்கலைக்கும் அப்பாலுள்ள காடுகளில் வாழ்ந்த வேடரின் முறை வேறு. அவர்களைப் பற்றி ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூல் இன்றும் அறிஞர் போற்றுவது. கோடையிலே ஆறு ஓட்டம் தளர்ந்து மடுக்களாகத் தேங்கும்போது, மருக்காரை போன்ற நச்சுத் தன்மையுள்ள காட்டுக் காய்களை இடித்து நீரிற் கலந்து, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது காட்டு மக்களின் பழைய வழக்கம். ஒரு சிறு மடுவிலே, ஆண்டில் ஒரு பருவத்திலே, ஒரு சிறு கூட்டத்தார் செய்தபோது இதனால் ஆறு அழியவில்லை. அடுத்த மழையோடு மடு கழுவப்பட்டுப் புதுமீன் ஏறியது. செயல் கொடிதாயினும் அதற்கு ஓர் அளவு இருந்தது. அவ்வளவைக் காத்தது சட்டமன்று, பருவமே.

சமையலிலும் அவரவர் வாழ்வு தெரிந்தது. காட்டவர் மீனைத் தணலிற் சுட்டு உண்டனர். சிங்களக் கிராமத்தவர் கொறுக்காய்ப் புளியும் மிளகும் உப்பும் இட்டு, நீர் வற்றும்வரை மண்சட்டியிலே வேகவைத்தனர். இவ்வாறு சமைத்த மீன் சில நாட்கள் கெடாதிருக்கும். சேற்று மீனின் வாடையை நீக்க அடுப்புச் சாம்பலும் உப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவுவது எல்லா இனத்துப் பெண்களும் அறிந்த முறை. சுங்கானைத் துப்புரவாக்கும்போது அதன் நச்சு முள்ளை முதலில் ஒடித்தெறிய வேண்டும் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

1817-1818ஆம் ஆண்டுகளிலே ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வயல்களும் தோப்புகளும் வீடுகளும் அழிக்கப்பட்டன. வளமிக்க வெல்லஸ்ஸ நெடுங்காலம் வெறுமையுற்றுக் கிடந்தது. பின்னர் மலைச்சரிவுகளிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869ஆம் ஆண்டிலே இலைநோய் கண்டு கோப்பி வீழ, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. மொனராகலையின் மலைப்புறத்திலே இறப்பர் வளர்ந்தது. இத்தோட்டங்களிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். காவிரியும் வைகையும் தாமிரபரணியும் பாயும் நாட்டினர் அவர்கள். தூண்டில் என்னும் சொல் சங்க நூல்களிலேயே வழங்குகிறது. மீன் பிடித்து விற்ற பாணர் குடியையும் அந்நூல்கள் பேசுகின்றன. அம்மரபில் வந்தவர்க்கு மலைநாட்டிலே கிடைத்த மீன் பெரும்பாலும் கருவாடுதான். ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையிலே ஓடைக் கற்களைப் புரட்டி, மூங்கிற் கழியில் நூலும் மண்புழுவும் கட்டிப் பிடித்த கெண்டையும் ஆரலுமே பச்சை மீனின் சுவையை அவர்களுக்கு நினைவூட்டின. மல்லியும் மிளகாயும் சீரகமும் அம்மியில் அரைத்து, புளி கரைத்து வைத்த குழம்பிலே அச்சிறு மீன்கள் வெந்தன. மீன் சிறிதாயினும் குழம்பு லயத்து வீட்டார் அனைவருக்கும் போதியதாக நீட்டப்பட்டது.

அதே ஓடைகளின் தலைப்பிலே வேறொரு காட்சி நிகழ்ந்தது. தூண்டிலிடுதலை ஓர் ஒழுக்கமாகவே போற்றும் மரபு ஆங்கிலேயருடையது. ஐசாக் வால்டன் அதனைப் பற்றி 1653ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ஆம் ஆண்டிலே இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலே வெளியிட்டார். குளிர்ந்த மலைகளைக் கண்ட இடமெல்லாம் அவர்களுக்குத் தம் ஊர் ஓடைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் இலங்கையின் உயர்மலை ஓடைகளிலே அவர்கள் விரும்பிய பருமனும் போரிடும் வலிமையும் உள்ள மீன் இல்லை. ஆகவே மீனையே கொண்டுவர எண்ணினர். 1864ஆம் ஆண்டிலே டிரவுட் முட்டைகள் ஈரப்பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியிடையே வைத்து, இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியா வரை கப்பலிற் கொண்டு செல்லப்பட்டிருந்தன. அவ்வெற்றி பல குடியேற்ற நாடுகளில் ஆசையை வளர்த்தது. 1882ஆம் ஆண்டிலே பழுப்பு டிரவுட் இலங்கை மலைகளுக்கு வந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் வானவில் டிரவுட்டும் வந்து சேர்ந்தது. 1896ஆம் ஆண்டிலே இலங்கை மீன்பிடிக் கழகம் நிறுவப்பட்டது.

பழுப்பு டிரவுட் இங்கே நன்கு இனம் பெருக்கவில்லை. வானவில் டிரவுட்டோ ஹோட்டன் சமவெளி ஓடைகளிலே தானாகவே பெருகத் தொடங்கியது. யானை வேட்டைக்காரரும் பின்னர் நைல் நதித் தலைப்பை நாடிச் சென்றவருமான சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கிய அருவி அங்கேதான் வீழ்கிறது. இறகும் நூலும் கொண்டு செய்த பொய் ஈயை நீர்மேல் மெல்ல வீழ்த்தி, மீனை ஏமாற்றிப் பிடிப்பது அவ்விளையாட்டின் கலை. குறித்த அளவிற் சிறிய மீனைத் திரும்ப நீரில் விடவேண்டும் என்பது அதன் ஒழுங்கு. பிடித்த மீன் மாலையிலே பங்களாவின் சமையற்காரராகிய 'அப்பு'வின் கைக்குச் செல்லும். தலையும் வாலும் நீங்காமல் முழுமீனாக வெண்ணெயிற் பொரித்து, எலுமிச்சம்பிஞ்சோடு பரிமாறுவது வழக்கம். அம்மேசைக்கு விறகு பிளந்தவரும் நீர் சுமந்தவரும் அதன் மணத்தை மட்டுமே அறிந்தனர்.

இதனை எண்ணும்போது துரைமார் விளையாட்டை வெறுத்தொதுக்குவது எளிது. ஆயினும் நடுநிலையோடு நோக்கின், அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று கருதற்பாலது. இவ்வளவுக்குக் குறைந்த மீனைப் பிடித்தல் ஆகாது என்ற கட்டுப்பாடே அது. குறை எதுவெனின், ஒழுங்கை வந்த மீனுக்கே வகுத்தனர். இருந்த மீனை எண்ணிப் பார்க்கவில்லை. பண்டாரவளை ஓடையின் ஆரலுக்கும் மொனராகலை மடுவின் விராலுக்கும் கழகம் அமைத்தவர் எவருமிலர். ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டபின் அங்கே விளையாட்டின் காலம் முடிந்து, காப்பின் காலம் தொடங்கியது.

இனித் தாழ்நிலத்துக்கு இறங்குவோம். நாடு சுதந்திரமடைந்தபின் 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கினியாகலையிலே அணை எழுந்து, முதற் பிரதமரின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீர்ப்பரப்பு மொனராகலை மாவட்டத்தினுள்ளும் விரிந்து கிடக்கிறது. வேடர் வேட்டையாடிய நிலங்கள் பல அந்நீரின் கீழ் மறைந்தன. பெருங்குளங்கள் தோன்றின, அவற்றை நிரப்ப மீன் வேண்டுமே! இலங்கையின் சொந்த நன்னீர் மீன்களுட் பல ஓடும் ஆற்றுக்குப் பழகியவை. அகன்ற தேக்கத்தின் நடுநீரை அவை முழுதும் பயன்படுத்தவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பியது 1952ஆம் ஆண்டிலே கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா. அதே ஆண்டிலே தமிழகத்தின் மண்டபத்திலும் இம்மீன் புகுத்தப்பட்டது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாத்து, குஞ்சுகளையும் ஆபத்து வேளையில் வாய்க்குள் ஏற்றுக்கொள்ளும். ஆதலின் அது விரைவிற் பெருகிற்று. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மொனராகலை மக்களுக்கு மலிவான பச்சை மீன் முதன்முறையாக நாள்தோறும் கிடைத்தது.

இவ்வளர்ச்சிக்கும் ஒரு தடை வந்தது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோதல் தகாது என்ற சமயக் கருத்தின் அழுத்தத்தால், 1990ஆம் ஆண்டிலே நன்னீர் மீன்வளத்துக்கு அரசு அளித்து வந்த ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994ஆம் ஆண்டிலே அது மீண்டும் அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலே குஞ்சு விடுவாரும் கண்காணிப்பாரும் குறைந்தமையாற் பல குளங்களின் விளைவு சரிந்தது. கொல்லாமை உயர்ந்த அறம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் கடல் மீனுக்குக் காட்டாத கண்டிப்பைக் குளத்து மீனுக்குக் காட்டியபோது, அதன் சுமை வறண்ட நிலத்து ஏழையின் தட்டிலேயே விழுந்தது.

திலாப்பியாவைச் சமைக்கும் முறையை மக்கள் தாமே கண்டனர். வயிற்றினுள்ளே படிந்திருக்கும் கரிய மென்தோலை உரித்தெடுத்து, உப்பும் புளியும் இட்டுக் கழுவினால் சேற்று வாடை நீங்கும். மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவிப் பொரிப்பர். தேங்காய்ப் பாலிற் குழம்பாக்குவர். மிகுந்ததைக் கீறி உப்பிட்டு வெயிலிற் கருவாடாக்குவர். தோட்டத்தவரின் புளிக்குழம்பும் கிராமத்தவரின் கொறுக்காயும் இம்மீனிடத்தே ஒன்றையொன்று சந்திக்கின்றன.

எனினும் இன்று கவலைக்குரியது வேறு. விடுமுறை நாளிலே நண்பர் கூடி ஆற்றங்கரையில் மீன் பிடித்துச் சமைத்துண்பது இளைஞர் விரும்பும் பொழுதுபோக்கு. தூண்டிலோடு நிற்கும்வரை அதிற் குற்றமில்லை. ஆனால் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் ஒரு மடுவின் உயிரனைத்தையும் ஒரு பகலில் அழிப்பவரும் உளர். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் இதனைக் குற்றமாக விதித்துள்ளது. ஆயினும் ஆற்றங்கரை முழுவதிலும் காவலரை நிறுத்துதல் இயலாது. முற்காலத்து வேடனுக்குப் பருவம் அளவு வகுத்தது. துரைக்குக் கழகம் அளவு வகுத்தது. இக்காலத்தவர்க்கு அவ்வளவை வகுக்க வேண்டியது அவரவர் மனமே.

டிரவுட் ஒரு சிலருக்காக வந்தது. திலாப்பியா பலருக்காக வந்து நிலைத்தது. அழைத்து வருவார் எவருமின்றித் தானே இம்மண்ணுக்கு உரியதாயிருந்த விராலும் ஆரலும் விலாங்கும் இவற்றிடையே மறக்கப்படலாகாது. ஊவாவின் சிறுவர் தம் ஊர் ஓடையில் வாழும் மீன்களின் பெயர்களைப் பாட்டன், பாட்டியரிடம் கேட்டறிவாராக. பெயர் தெரிந்த உயிரை அழிக்க மனிதனின் கை சற்றேனும் கூசும்.