எண்ணூர் அமோனியாக் கசிவும் நலத்தகவல் தேடலும்

நெட்டுக்குப்பம், வடசென்னையில் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவச் சிற்றூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கப்பலில் வரும் அமோனியாவை ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் குழாய் அது. பெரியகுப்பம், சின்னக்குப்பம், எர்ணாவூர், நெட்டுக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீடுகளை விட்டு வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கடல்நீர் கொப்பளிக்கும் காணொளி கைப்பேசிகளில் பரவியது.

1984இல் போபாலில் நச்சு வாயு கசிந்தபோது, அது என்ன வாயு, எப்படி மருத்துவம் செய்வது என்பது மருத்துவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அந்தப் பேரிழப்புக்குப் பிறகுதான் அறியும் உரிமை சட்டமாயிற்று. அமெரிக்கா 1986இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள், விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதைச் சுற்றியுள்ள மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் பொறுப்பை ஆலைமீது சுமத்தின.

இன்னொரு வழி இணையத்தில் திறந்தது. மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களைத் தரும் பப்மெட் தளம் 1997இல் அனைவருக்கும் இலவசமானது. தம் நோயைத் தாமே தேடிப் படித்து, மருத்துவரிடம் கேள்விகளோடு செல்வோரை டாம் பெர்குசன் என்ற அமெரிக்க மருத்துவர் ‘இ-நோயாளிகள்’ என்றார்.

அமோனியாவைப் பற்றி அப்படித் தேடுபவருக்கு முதலில் கிடைப்பது எளிய செய்திதான். அது நீரில் மிக விரைவாகக் கரையும். அதனால்தான் ஈரமான கண், மூக்கு, தொண்டை ஆகியவை முதலில் எரிகின்றன. கண்ணை நிறைய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். அமோனியா காற்றைவிட இலேசானது என்று பாடநூலில் படித்தவர், அது மேலே போய்விடும் என நினைக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் கசியும்போது ஈரப்பதத்துடன் கலந்து தரையோடு படர்வதும் உண்டு.

சிக்கல் எண்களில்தான் தொடங்குகிறது. ஆலை வாயிலில் காற்றில் கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 24 மணி நேரச் சராசரி வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49 இருந்தது. இணையத்திலுள்ள மருத்துவக் குறிப்புகளோ பெரும்பாலும் பி.பி.எம். அலகில் பேசுகின்றன. 2090 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 3 பி.பி.எம். தொழிலாளர்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட எட்டு மணி நேர வரம்பு 25 பி.பி.எம். ஆகவே ஒன்றும் ஆகியிருக்காது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அந்த வரம்பு உடல்நலமுள்ள தொழிலாளர்களுக்கு உரியது. கைக்குழந்தைக்கோ ஆஸ்துமா நோயாளிக்கோ அல்ல. அளவிட்டதும் ஆலை வாயிலில்தான், மக்கள் படுத்திருந்த வீடுகளில் அல்ல.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. தனி மனிதரின் நுரையீரலுக்கான சான்று வேறு. விவரமறிந்த நோயாளி மருத்துவரிடம் வாயுவின் பெயர், சுவாசித்த நேரம், பழைய இளைப்பு நோய் ஆகியவற்றைச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குகிறார். இருமல் நீடித்தால் நுரையீரல் செயல்திறன் சோதனை தேவையா என்றும் கேட்கிறார்.