மண் தெருவைச் சீராக்கிய மரக்குற்றி



குளிர்காலம் முடிந்து நிலம் இளகும்போது எங்கள் வீட்டு வளவுகளில் உள்ள புற்றரை பல இடங்களில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். புல்வெட்டும் இயந்திரம் அதன்மேல் துள்ளித் துள்ளிப் போகும். இதைச் சமப்படுத்த, பழைய மரச்சட்டம் ஒன்றில் கயிறு கட்டி இழுப்பவர்கள் உண்டு. கையால் செய்யும் இந்த இழுவைப்பலகை ஒரு காலத்தில் அமெரிக்கக் கிராமங்களின் தெருக்களையே மாற்றியது என்பது பலருக்குத் தெரியாது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டுப்புறத் தெருக்களில் பெரும்பாலானவை வெறும் மண் தெருக்கள். மழை பெய்தால் வண்டிச் சில்லுகள் புதையும். வெயில் எறித்தால் அந்தத் தடங்கள் அப்படியே கல்லாக இறுகும். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவோ, வைத்தியரை அழைத்துவரவோ முடியாமல் விவசாயக் குடும்பங்கள் முடங்கிக் கிடந்தன. எல்லாத் தெருக்களுக்கும் கல் பரவப் பணம் இருக்கவில்லை.

மிசூரி மாநிலத்தின் மெயிற்லண்ட் என்னும் ஊருக்கு அருகே வாழ்ந்த டேவிட் வோர்ட் கிங் என்ற விவசாயி, 1896இல் இரண்டு பழைய மரக்கட்டைகளை ஒன்றாகப் பிணைத்து, குதிரைகளைப் பூட்டி, தன் வீட்டுப் பக்கத்துத் தெருவில் இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு மழைக்குப் பின்பும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். காலப்போக்கில் அவர் இழுத்த பகுதி மட்டும் சேறு குறைந்து, உறுதியாக நின்றது.

அவருடைய கருவி மிக எளிமையானது. ஏழு எட்டு அடி நீளமான மரக்குற்றியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கங்கள் முன்னோக்கி இருக்கும்படி, சுமார் 30 அங்குல இடைவெளியில் நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் இணைக்க வேண்டும். சங்கிலியைச் சரிவாகப் பூட்டி இழுத்தால், மண் தெருவின் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு நகரும். நடு உயர்ந்துவிட்டால் மழைநீர் தேங்காமல் இருபுறமும் வடிந்துவிடும். பாரமான மரத்தைவிட, நன்றாகக் காய்ந்த இலேசான மரமே இதற்கு உகந்தது என்று கிங் கூறினார்.

இதன் இரகசியம் நேரத்தில்தான் இருந்தது. மழை விட்டபின், மண் ஈரமாக இருக்கையில் இழுக்க வேண்டும். அப்போது மேட்டு மண் பள்ளத்தில் மெல்லிய படையாகப் பூசப்படும். குழைந்த களிமண் காய்ந்து இறுகி, அடுத்த மழையை உள்ளே விடாது தடுக்கும்.

கிங் பல மாநிலங்களுக்கும் சென்று இதைப்பற்றி உரையாற்றினார். 1908இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அவர் எழுதிய கைநூலை வெளியிட்டது. 1896இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கிராமப்புற இலவசத் தபால் விநியோகம் 1902இல் நிரந்தரமாகியிருந்தது. தெரு சீராக இருந்தால்தான் வீட்டு வாசலுக்குக் கடிதம் வரும் என்பதால், விவசாயிகளுக்கு இந்த மரக்குற்றியில் அக்கறை பிறந்தது. அதே 1908இல் ஃபோர்ட் நிறுவனத்தின் மொடல் ரீ மோட்டார் வண்டியும் வந்துசேர்ந்தது. கிங் 1920இல் காலமானார். பின்னர் தார்த் தெருக்களும் இயந்திரங்களும் பெருகி, குதிரை இழுத்த குற்றி மறைந்துபோனது.

எங்களுக்கும் இது புதிய கலையல்ல. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலைச் சேறாக்கியபின் மாடு பூட்டிப் பலகை இழுத்து மட்டப்படுத்தியதை மூத்தவர்கள் அறிவார்கள். மேட்டில் எடுத்துப் பள்ளத்தில் இடும் அதே முறைதான்.

புற்றரையில் இழுக்க விரும்புவோர் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தெருவில் நீர் வழிந்தோட வேண்டும். புற்றரையிலோ அது வேருக்கு இறங்க வேண்டும். ஆகவே ஈரக் களிமண்ணில் இழுக்கக் கூடாது. புல் வளரும் பருவத்தில் அதைக் கட்டையாக வெட்டி, சலித்த உலர்ந்த மண்ணை அரை அங்குலத்துக்கு மேற்படாமல் தூவி, மரச்சட்டத்தைப் பல திசைகளிலும் இழுங்கள். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். ஆழமான பள்ளங்களை ஒரே நாளில் நிரப்பப் பார்க்காதீர்கள். புல் மேலெழுந்தபின் மறுபடியும் தூவி இழுக்கலாம். கிங்கின் தெருவும் ஒரே மழையில் சீராகிவிடவில்லை.