இருட்டறைக்கு வந்த கண்

வீட்டிலேயே பிலிம் கழுவும் பைத்தியம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து, கதவிடுக்கில் கந்தையைத் திணித்து, விளக்கை அணைத்துவிட்டால் என் கையே எனக்குத் தெரியாது. அந்த இருட்டில் பிலிமைத் தடவித் தடவியே சுருளில் ஏற்ற வேண்டும். 1997-ம் வருஷம் அப்பாவை ஒரு ரோல் படம் எடுத்தேன். ஏற்றும்போது பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது தெரியவில்லை. ஒட்டிய இடங்களில் மருந்து படவில்லை. வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பால் வெள்ளைத் திட்டுகள். அடுத்த ரோல் எடுப்பதற்கு அப்பா இருக்கவில்லை.

ஆதி நாளில் போட்டோக்காரர்கள் இப்படி இருட்டில் துழாவவில்லை. அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. ஆகையால் சிவப்பு விளக்கடியில் உட்கார்ந்து, படம் மெல்ல எழுவதைக் கண்ணாரப் பார்த்து, பதம் வந்ததும் எடுத்துவிடுவார்கள். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் வோகல் என்ற பேராசிரியர், தகட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் அதற்கு உறைக்கும் என்று கண்டுபிடித்தார். 1906-ல் இங்கிலாந்தில் ராட்டன் அண்டு வெய்ன்ரைட் கம்பெனி, எல்லா நிறமும் உறைக்கும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவந்த உதடு கறுப்பாக விழும் தொல்லை ஒழிந்தது. கூடவே சிவப்பு விளக்கும் ஒழிந்தது. தகடு கண் பெற்றது. கழுவுகிறவன் கண்ணை இழந்தான்.

எட்வர்டு வெஸ்டனைப் போன்ற பிடிவாதக்காரர்கள் மங்கலான பச்சை விளக்கைச் சற்றே காட்டி நெகடிவைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கடிகாரத்தையும் உஷ்ணமானியையும் நம்பினார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே பிலிம் கழுவப் பார்வையற்றவர்களை வேலைக்கு வைத்ததுண்டு. அந்த இருட்டில் அவர்கள்தாம் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

பரிகாரத்தின் விதை இதற்கெல்லாம் முன்பே விழுந்திருந்தது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி, பட்டகத்தால் பிரிந்த சூரிய ஒளியில், சிவப்புக்கும் அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தார். பாதரசம் ஏறிற்று. அகச்சிவப்புக் கிரணம் அது. நம் கண்ணுக்கும் தெரியாது; சாதாரண பிலிமுக்கும் உறைக்காது. 1934-ல் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் ஹோல்ஸ்ட் குழுவினர் அதைப் பார்க்க ஒரு குழாய் செய்தார்கள். கிரணம் பட்டதும் எலெக்ட்ரான்கள் கிளம்பி, மின் அழுத்தத்தால் விரட்டப்பட்டு, எதிரே உள்ள திரையில் மோதி ஒளிரும்.

அந்தக் கண்ணை முதலில் பெரிதாக உபயோகித்தது யுத்தந்தான். ஜெர்மானியர் தங்கள் கருவிக்கு ரத்தம் குடிக்கும் பேயின் பெயரை வைத்தார்கள். அமெரிக்கர் 1945-ல் ஓகினாவாவில், இருட்டில் ஊர்ந்து வந்த ஜப்பானியச் சிப்பாய்களை அதனால் குறிபார்த்துச் சுட்டார்கள். பிறகு விலை இறங்கி, கடைக்கு வந்து, எங்களைப் போன்ற இருட்டறைப் பைத்தியங்களின் கைக்கும் வந்து சேர்ந்தது.

நண்பர் ஒருவரிடம் ஒற்றைக்கண் கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். விளக்கு 940 நானோமீட்டராக இருப்பது நல்லது. 850 என்றால் மங்கிய சிவப்பு கண்ணுக்கே தெரியும். கருவியின் பச்சைத் திரையும் ஒளி கசியும். ஆகவே கண்ணோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அகச்சிவப்பு பிலிமுக்கு இது ஆகவே ஆகாது. முதலில் ஒரு துண்டுப் பிலிமைப் பத்து நிமிஷம் வெளியே வைத்துக் கழுவிப் பார்த்தேன், புகை படியவில்லை. பிறகுதான் உண்மையான ரோலை எடுத்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை; விரல் இரண்டு தடவை சுருளைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது சுற்றில் பிலிம் நழுவி ஒட்டியது. பார்த்தேன். பின்னுக்கு இழுத்து மறுபடி ஏற்றினேன்.

அந்த ரோலில் இருந்தது அம்மா. 36 படமும் வந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அப்பாவை எடுத்தாயே, அது எங்கே?" என்றாள்.