சாம்புவைக் காத்த வாசகர்கள்

தேவனை விரும்பிப் படித்ததை, தீவிர இலக்கியம் பேசும் நம்மில் பலர் சற்றுத் தயங்கியே ஒப்புக்கொள்கிறோம். அத்தயக்கம் தேவையற்றது.

தமிழில் துப்பறியும் நாவலுக்கு வழி வகுத்தவர்களுள் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் முக்கியமானவர்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் மதிநுட்பத்தால் மர்மங்களை அவிழ்ப்பவர். தேவனின் சாம்புவோ அசடு என்று பெயரெடுத்து, வங்கி வேலையை இழந்த குமாஸ்தா. அவன் உளறினால் அது துப்பாகிவிடும். தடுக்கி விழுந்தால் திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதையும் மேதைமை என்றே வியப்பார்.

சாம்பு ஆனந்த விகடனில் தோன்றியது 1942இல். ஜப்பானியர் குண்டு வீசுவர் என்று அஞ்சி, சென்னைவாசிகள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறிய ஆண்டு அது. அறிவாளிகளின் கணக்குகள் பொய்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் அசடுக்கு எல்லாம் நல்லபடியாக முடிவதைப் படிப்பது எத்தகைய ஆறுதல்!

தேவன் 1957இல், தம் 43ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தொடர்களில் பெரும்பாலானவை அதன் பிறகே நூல்களாயின. அதுவரை அவற்றைக் காத்தவர்கள் விமர்சகர்கள் அல்லர். வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, அண்டை வீட்டாருக்கும் இரவல் தந்த வாசகர்களே. இலக்கிய வரலாற்றில் அவர்களுக்கும் ஓரிடம் தருவோம்.